ட்ரயல் ரூமில் இடுப்பைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள்

கேள்வி: தீபாவளிக்கு எடுக்கும் ரெடிமேட் குர்த்தி, அனார்கலி எல்லாம் கடைக் கண்ணாடியில் அழகாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு நாள் முழுக்கப் போட்டால் மார்பில் இழுக்கிறது, கையைத் தூக்கினால் உடை மொத்தமும் மேலே ஏறுகிறது. எல் சைஸ் எடுத்தால் மார்பில் பிடிக்கிறது. எக்ஸ்எல் எடுத்தால் தோள் இறங்கிவிடுகிறது. ஆல்டர் செய்யக் கொடுத்தால் இன்னும் கெட்டுப்போகிறது. கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

உண்டு. ஆனால் பார்க்கும் வரிசையை மாற்ற வேண்டும். ட்ரயல் ரூமில் பெரும்பாலானவர்கள் நிமிர்ந்து நின்று, வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு, முதலில் இடுப்பைத்தான் பார்க்கிறார்கள். இடுப்பு லூஸாக இருந்தால் எந்தத் தையல்காரரும் பக்கத்துக்கு ஒரு தையல் போட்டுச் சரிசெய்து தந்துவிடுவார். தோளும் கைக்குழியும் (உடம்புத் துணியில் கை இணையும் வளைவு) அப்படியில்லை. அங்கே தப்பாக வெட்டியிருந்தால், உடையைப் பிரித்து மறுபடி தைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் எதைச் சரிசெய்ய முடியாதோ அதை முதலில் பாருங்கள்.

எல்லுக்கும் எக்ஸ்எல்லுக்கும் நடுவே நீங்கள் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் உங்கள் உடம்பு அல்ல, வெட்டு. வீட்டில் டேப்பை எடுத்து இரண்டு அளவு பாருங்கள். அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே சுற்றினால் கிடைப்பது மேல்மார்பு அளவு. மார்பின் முழுப் பகுதியில் சுற்றுவது மார்பு அளவு. ரெடிமேட் உடைகளை ஒரு சராசரி வித்தியாசத்தை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். உங்களுக்கு வித்தியாசம் 2 அங்குலம் அளவில் இருந்தால் பெரும்பாலான குர்த்திகள் பொருந்தும். 4 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், தோளுக்குச் சரியான சைஸ் மார்புக்குப் போதாது. மார்புக்குச் சரியான சைஸ் தோளில் நிற்காது. டாட் (வளைவுக்காக முனை கூராக மடித்துத் தைப்பது) இல்லாத நேர்வெட்டுக் குர்த்தியில் இது தீராத தொல்லை. மார்பின் வளைவுக்குத் தேவையான துணி அந்த வெட்டில் இல்லவே இல்லை.

இந்த நிலையில் சைஸை மாற்றுவதால் பலன் இல்லை, வெட்டை மாற்றுங்கள். பிரின்சஸ் கட் (தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ மார்பு வழியாக இறங்கும் நீளத் தையல்), பக்கவாட்டில் மார்பு டாட் வைத்தது, யோக்குக்குக் (மேலே தனியாக வெட்டி இணைக்கும் பகுதி) கீழே சுருக்கம் கொடுத்துத் தைத்தது ஆகிய மூன்றிலும் மார்புக்கு இடம் கிடைக்கும், தோளும் நிற்கும். கொஞ்சம் லைக்ரா (இழுபடும் நூல்) கலந்த துணியும் உதவும்.

லேபிளில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் எம் என்றால் மார்பு 38 அங்குலம், எல் என்றால் 40, எக்ஸ்எல் என்றால் 42 என்பதுதான் பொதுவான கணக்கு. அந்த 40 உங்கள் உடம்பின் அளவா, துணியின் அளவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உடையைக் கவுண்டரில் தட்டையாக விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உண்மையான மார்புச் சுற்றளவு. இழுபடாத காட்டன், ரேயான் துணி என்றால் அது உங்கள் மார்பளவைவிட 2 முதல் 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். பிட்டத்தின் அகலமான இடத்தில் 3 முதல் 4 அங்குலம் கூடுதல் வேண்டும். உட்காரும்போது உடம்பு அங்கே விரியும். அனார்கலியின் மேல்பகுதி உடம்போடு ஒட்டி நிற்க வேண்டியது, அதற்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் போதும்.

கடைக்குப் போகும்போது, தீபாவளியன்று எந்த உள்ளாடை போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். பேடு வைத்த பிரா ஒன்றே மார்பளவை ஓர் அங்குலம் மாற்றிவிடும். அதோடு லெக்கிங்ஸ், போடப்போகும் செருப்பு, ஒரு டேப். பண்டிகைக்கு முந்தைய வார இறுதியின் சாயங்காலத்தைத் தவிர்த்து, வார நாளில் காலையில் போனால் ட்ரயல் ரூமில் பத்து நிமிடமாவது நிம்மதியாக நிற்கலாம்.

சென்னை ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலான கடைவீதிகளில் பல சின்னக் கடைகளில் போட்டுப் பார்க்க இடமே இருக்காது. அங்கே போவதென்றால், உங்களிடம் இருப்பதிலேயே மிக நன்றாகப் பொருந்தும் குர்த்தி ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். புதியதன் மேல் அதை விரித்து, தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள், பிட்ட அகலம், கைக்குழியின் ஆழம், நீளம் ஆகிய ஐந்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரித் துணியாக இருக்க வேண்டும். பனியன் துணிக் குர்த்தியை வைத்துக் காட்டன் குர்த்தியை அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இனி, போட்டுப் பார்க்கும் நேரம்.

கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினால் தோள்மூட்டில் ஒரு சின்னக் குழி விழும். கையை இறக்கியதும் கை இணைக்கும் தையல் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அரை அங்குலம் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை. ஓர் அங்குலம் வெளியே தொங்கினால் அந்த உடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'ஷோல்டர் பிடித்துத் தருகிறோம்' என்று கடைக்காரர் சொல்வார். அதற்குக் கையைக் கழற்றி, கைக்குழியை மறுபடி வெட்டி, கையின் மேல் வளைவையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். தோளில் எம்பிராய்டரி இருந்தால் அது பாதியில் வெட்டுப்படும். ஆல்டர் செய்து கெட்டுப்போனது என்று நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இந்த வேலையாகத்தான் இருக்கும். வேண்டுமென்றே தோளை இறக்கித் தைத்த டிசைன்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்தது கைக்குழி. நீங்கள் சொல்லும் 'உடை மொத்தமும் மேலே ஏறுகிறது' என்ற தொந்தரவு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. கைக்குழி பெரிதாக இருந்தால் கையை வசதியாக அசைக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. கைக்குழி ஆழமாக இறங்கினால் கைத்துணி உடம்புத் துணியோடு விலாப் பக்கம் கீழே போய் இணைகிறது. கையைத் தூக்கும்போது அந்த இணைப்பு பக்கத்துணி முழுவதையும் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. கைக்குழி அக்குளுக்கு அருகிலேயே முடிந்தால் கை மட்டும் தனியாக அசையும். அக்குளுக்கும் தையலுக்கும் நடுவே ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம், அதாவது இரண்டு விரல் நுழையும் இடம், போதுமானது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள். கீழ் ஓரம் 2 அங்குலம் ஏறினால் சரி. 4, 5 அங்குலம் ஏறினால் வேண்டாம். இறுக்கமாக இருக்கிறதென்று பெரிய சைஸுக்குப் போனால் கைக்குழியும் ஆழமாகிறது. உங்கள் எக்ஸ்எல் மேலே ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு துணியின் சுருக்கங்களைப் படியுங்கள். எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தை நோக்கித்தான் சுருக்கம் ஓடும். மார்புக்குக் குறுக்கே கிடைமட்டமாக இழுப்பு தெரிந்தால் சுற்றளவு போதவில்லை. மார்பு முனையிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகக் கோடு ஓடினால் சுற்றளவு போதும், டாட் போதவில்லை. பின்கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு உட்கார்ந்தால் முதுகுத் துணி நீளம் அதிகம், அல்லது உங்கள் தோள் அந்த வெட்டைவிடச் சரிவு குறைந்தது. இதை நல்ல தையல்காரர் தோள்தையலில் சிறிது பிடித்துச் சரிசெய்வார். நெட்டாகத் தொங்கும் மடிப்பு என்றால் லூஸ், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

சைடு ஓப்பனைத் தவறாமல் பாருங்கள். சும்மா நிற்கும்போதே இரண்டு பக்கமும் விரிந்து லெக்கிங்ஸ் தெரிந்தால், பிட்டத்தில் துணி போதவில்லை. இதைக் குர்த்தியின் ஸ்டைல் என்று நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நன்றாகப் பொருந்தும் குர்த்தியில் ஓப்பன் நிற்கும்போது மூடியிருக்கும், நடக்கும்போதுதான் திறக்கும். பக்கத்தையல் அக்குளிலிருந்து தரைக்கு நேராக இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். கால் பக்கம் போகப் போக முன்னாலோ பின்னாலோ அது முறுக்கிக்கொண்டால் துணியின் இழை நேராக வைத்து வெட்டப்படவில்லை. துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். யாராலும் சரிசெய்ய முடியாது.

டாட்டின் முனை மார்பு முனைக்கு ஓர் அங்குலம் முன்னதாக முடிய வேண்டும். அதைத் தாண்டினால் கூம்பாகத் துருத்தும். பிரின்சஸ் கட்டின் கோடு மார்பு முனை மேலேயோ அதை ஒட்டியோ போக வேண்டும். அனார்கலியின் யோக் தையல் மார்புக்குக் கீழே படிந்து உட்கார வேண்டும். மார்பின் மேலேயே ஏறி நின்றால், ஃப்ளேர் அங்கிருந்தே விரிந்து வயிறு இல்லாதவருக்கும் வயிறு இருப்பதாகக் காட்டும்.

இத்தனையும் நின்றபடி பார்ப்பவை. நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருங்கள். இடமிருந்தால் தரையில் சம்மணம் போடுங்கள். பூஜையிலும் பந்தியிலும் அப்படித்தான் உட்காரப் போகிறீர்கள். கோலம் போடுவதுபோல் கண்ணாடி முன் குனிந்து கழுத்து எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். இரண்டு கைகளாலும் உங்களையே கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் தையல் நெறித்தால் ஸ்கூட்டி ஓட்டும்போது அங்கேதான் முதலில் விடும். அகலக் கழுத்து உடை தோளிலிருந்து நழுவுகிறதா என்பதும் இந்த அசைவுகளில்தான் தெரியும்.

அடுத்து எடுப்பாக இருக்கிறதா என்ற கேள்வி. ஒரு கோடு எங்கே முடிகிறதோ அங்கே பார்வை நிற்கும். அரைக்கை, மேல்கையின் தடிப்பான இடத்தில் முடிந்தால் கை தடியாகத் தெரியும்; ஓர் அங்குலம் கீழே இறக்கினாலே வித்தியாசம் தெரியும். முக்கால் கை முழங்கைக்குக் கீழே மெலிந்த இடத்தில் முடிவது எல்லோருக்கும் பொருந்துகிறது. குர்த்தியின் ஓரம் கெண்டைக்காலின் அகலமான இடத்தில் முடிவதுதான் மிக மோசமான நீளம், குட்டையானவர்களுக்கு முக்கியமாக. முழங்காலை ஒட்டி அல்லது கணுக்காலுக்குச் சற்று மேலே என்று வையுங்கள்.

குறுக்குக்கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கிடைக்கோடுகள் நிறைந்த சதுரம் அகலமாக அல்ல, உயரமாகத்தான் தெரியும் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். நெருக்கமான மெல்லிய கோடுகள் பயப்படத் தேவையில்லாதவை. அகலமான ஒற்றைப் பட்டையோ பார்டரோ உடம்பின் அகலமான இடத்தில் குறுக்கே விழுவதுதான் தவிர்க்க வேண்டியது. பெரிய பூ அச்சு என்றால் அது மார்பு முனையில் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். அதே டிசைனில் வேறொரு பீஸில் பூ வேறு இடத்தில் விழுந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கடைக் கண்ணாடி சற்றே சாய்த்து வைத்திருந்தால் உயரமும் ஒல்லியும் கூடும். அதனால் கூட வந்தவரிடம் போனைக் கொடுத்து, ஏழெட்டு அடி தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில் பிடித்து, முன், பின், பக்கம் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி இதற்கு உதவாது, கிட்ட இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். நிறத்தை வாசல் வெளிச்சத்தில் துப்பட்டாவை முகத்தருகே பிடித்துப் பாருங்கள். லைனிங் இல்லாத வெளிர்நிறத் துணிக்குள் போன் டார்ச்சைக் காட்டினால், வெயிலில் எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் உடையைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓவர்லாக்குக்கும் (துணி ஓரம் பிரியாமல் போடும் தையல்) தையலுக்கும் நடுவே கால் அங்குலம்தான் இருக்கிறதென்றால் பிரித்துவிட வழியில்லை. பக்கத்துக்கு முக்கால் அங்குலம் விட்டிருந்தால் அரை அங்குலம் பிரிக்கலாம்; இரண்டு பக்கமும் முன்துணி, பின்துணி என நான்கு ஓரம், மொத்தச் சுற்றளவில் 2 அங்குலம் கிடைக்கும். பட்டு, சாட்டினில் மட்டும் பழைய ஊசித்துளைகள் தெரியும். உடையைப் பிடித்துத் தைப்பதற்கும் எல்லை உண்டு. மொத்தத்தில் 2, 3 அங்குலத்துக்கு மேல் பிடித்தால் கைக்குழி இழுபட்டு, டாட்டும் இடம் மாறிவிடும்.

துவைக்காத காட்டனும் ரேயானும் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 46 அங்குல நீளக் குர்த்தியில் 5 சதவீதம் என்றால் 2 அங்குலத்துக்கு மேல் போய்விடும். ட்ரயல் ரூமில் கச்சிதமாக இருந்தது ஒரு மாதத்தில் இறுகுவது இதனால்தான். நீங்கள் எடை போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனவே சரியாக இருக்கிறது, மாற்றிக்கொடுக்கும் அவசியம் இல்லை என்று உறுதியான பிறகு, ஒருமுறை அலசிக் காயவைத்து அதன் பிறகே ஆல்டரேஷனுக்குக் கொடுங்கள். சொல்லிவிட்டு வராமல், உடையைப் போட்டுக்கொண்டு ஊக்குக் குத்தி அடையாளம் வையுங்கள். ஜார்ஜெட் அனார்கலியின் நீளத்தைக் குறைப்பதாக இருந்தால், முதல் நாள் இரவே ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சாய்வெட்டுத் துணி தன் எடையில் இறங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்காது. மறுநாள் செருப்போடு நின்று, தரையிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு அதன்பிறகு வெட்டச் சொல்லுங்கள்.