அட்டையில் 112 நிமிடம், ஐந்து நிமிடம் எங்கே போயிற்று?

கேள்வி: காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் 'ஏலியன்' படங்கள் நான்கும் அடங்கிய பழைய டிவிடி பெட்டி வாங்கினேன். பிரான்சிலிருந்து வந்த சரக்கு. என் பிளேயர் 'ரீஜன் தவறு' என்கிறது. போதாக்குறைக்கு, 117 நிமிடம் ஓடும் முதல் படத்துக்கு அட்டையில் 112 என்று இருக்கிறது. வெட்டிய பிரதியை என் தலையில் கட்டிவிட்டாரா? புகார் செய்யலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஒரு காட்சிகூட வெட்டப்படவில்லை. திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும். ஐரோப்பிய டிவிடியில் 25. சற்றே விரட்டி ஓட்டுவதால் 117 நிமிடம் 112 ஆகிவிடுகிறது. குரல்களும் இம்மியளவு மேலேறி ஒலிக்கும்.

ஓடாததற்குக் காரணம் வேறு. டிவிடிகளை உலகின் பகுதிவாரியாக எண் போட்டுப் பூட்டி விற்கிறார்கள்; அந்த எண்தான் ரீஜன். பின்னட்டையில் சின்ன உலக உருண்டைக்குள் 2 என்ற எண் இருக்கும். ஐரோப்பாவுக்கு 2, இந்தியாவுக்கு 5. பல டிவிடி பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே இந்தப் பூட்டைத் திறந்துவிடலாம்; மாடல் எண்ணைச் சொல்லி ஒரு மெக்கானிக்கைக் கேளுங்கள். கணினியிலும் மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான். அதன்பின் கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்றுவிடும்.

எண் அட்டையிலேயே இருக்கிறது, டிஸ்க்கில் பழுதில்லை, பில்லும் இருக்காது. நடைபாதை வியாபாரியை இதற்காக நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுவும் 2003இல் வந்த ஒன்பது டிஸ்க் பெட்டி என்றால் உங்களுக்கு யோகம்தான். ஒன்பதும் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் படத்துக்கு 1979இல் திரையரங்குக்கு வந்த வடிவமே போதும். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டே அதில்தான் நிறைவு கண்டவர். (சாப்பாட்டு மேசைக் காட்சியின்போது தட்டைக் கையில் வைத்திருக்காதீர்கள்.) இரண்டாவதற்கு ஜேம்ஸ் கேமரூனின் நீண்ட வடிவத்தைப் போடுங்கள். தன் மகள் இறந்துபோன செய்தியை நாயகி ரிப்ளி அறியும் காட்சி அதில்தான் இருக்கிறது. பிற்பாடு ஒரு சிறுமிக்காக அவள் அந்த வேற்றுக்கிரக ஜந்துக்களின் கூட்டுக்குள்ளேயே இறங்குவது ஏன் என்பது அப்போதுதான் முழுதாக உறைக்கும்.

கேள்வி: 'தி திங்' (1982) படத்தின் ப்ளூரே என்று ஆன்லைனில் வாங்கினேன். வந்தது 4கே டிஸ்க்; என் ப்ளூரே பிளேயரில் ஓடவில்லை. பிரித்த பெட்டியைத் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர்.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 4கே என்பது ப்ளூரேயைவிடக் கூர்மையான படம் தரும் வேறு வகை டிஸ்க். அதற்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஆனால் 4கே பிளேயர் இல்லாமல் ஓடாது. விளம்பரத்தில் 4கே என்ற சொல்லே இல்லையென்றால், சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே திருத்திவிடுவார்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.