கார் கேள்வி – பதில்: பிஎம்டபிள்யூ எம்340ஐ

கேள்வி: லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து வண்டியை முழு வீச்சில் பாய வைக்கும் வசதி) சில சமயம் வேலை செய்வதே இல்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் வண்டி போதிய அளவு சூடேறியிருக்காது. குறைந்தது 10 கி.மீ. தொடர்ந்து ஓட்டிய பிறகு முயலுங்கள், அதுவும் ரேஸ் டிராக்கில் மட்டும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். ஸ்போர்ட் பிளஸ் மோடு போட்டு, கியரை ‘எஸ்’ஸில் வையுங்கள். இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதியுங்கள். மீட்டரில் கொடிச் சின்னம் வந்ததும் 3 நொடிக்குள் பிரேக்கை விட வேண்டும். அடுத்த முறைக்கு கியர்பாக்ஸ் ஆற 5 நிமிடமாவது ஆகும். புது வண்டியென்றால் முதல் 2,000 கி.மீ. வரை இந்த ஆசையே வேண்டாம். அதுவரை இன்ஜின் வேகம் 4,500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 4,500 சுற்றை) தாண்ட வேண்டாம்.

கேள்வி: ஒரு டயரை மட்டும் மாற்றினேன். மெதுவாகத் திரும்பும்போது வண்டி உதறுகிறது.

பதில்: இது எக்ஸ்டிரைவ், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் சக்கரங்களின் வேகம் மாறுபடும். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். டயர்களை ஒரே தேய்மானத்துக்குக் கொண்டுவாருங்கள். உதறல் தொடர்ந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றிப் பாருங்கள். தள்ளிப்போட்டால் செலவு பெரிதாகும்.

கேள்வி: முட்டுச்சந்திலிருந்து வண்டி தானாகவே ரிவர்ஸ் வருமாமே?

பதில்: அருமையான வசதி. 35 கி.மீ. வேகத்துக்குள் வந்த கடைசி 50 மீட்டரை நினைவில் வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டும் உங்கள் காலில்தான். நடுவே ஒரு பைக் வந்து நின்றால் விலகிப் போகாது.