நீல டிக் விழுந்தது, பதில் எங்கே?

செல்போன் கேள்வி – பதில். இந்த இதழில் டிக் பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: மகன் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறான். காலையில் நான் அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் மத்தியானம் வரை ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் அடித்தால் உடனே எடுக்கிறான். "நெட் ஆன்லதாம்மா இருக்கு, ஒண்ணும் வரல" என்கிறான். டிக்கை நம்புவதா, பையனை நம்புவதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டையும் நம்பலாம். மெசேஜ் பக்கத்தில் குட்டிக் கடிகாரம் தெரிந்தால், அது இன்னும் உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை. ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் வாட்ஸ்அப்பின் மையக் கணினியான சர்வரில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது டிக்கை சர்வர் தானாகப் போடாது. பையனின் போனில் இருக்கும் வாட்ஸ்அப் அதை வாங்கிக்கொண்டு, "வந்து சேர்ந்தது" என்று திருப்பிச் சொன்னால்தான் விழும். பதிவுத் தபாலோடு போன ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பி வருகிற கணக்குத்தான். அந்த ஆப் தூங்கிக்கொண்டிருந்தால் கையெழுத்துப் போட ஆளில்லை. சாதாரண போன் கால் வருவதற்கு வாட்ஸ்அப் விழித்திருக்கத் தேவையில்லை. அதனால் அது மட்டும் ஒழுங்காக மணி அடிக்கிறது.

எங்கே தாமதம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அனுப்பிய மெசேஜை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மேலே வரும் மூன்று புள்ளியைத் தொட்டு 'இன்ஃபோ'வைத் திறங்கள். ஐபோனில் மெசேஜை இடப்பக்கம் இழுத்தாலே போதும். சேர்ந்த நேரம், படித்த நேரம் இரண்டும் அங்கே தனித்தனியாக இருக்கும். 7.10-க்கு அனுப்பியது 12.42-க்குச் சேர்ந்து 12.42-க்கே படிக்கப்பட்டிருந்தால், பையன் வாட்ஸ்அப்பைத் திறந்த பிறகுதான் மெசேஜே போனுக்குள் வந்திருக்கிறது. 7.10-க்கே சேர்ந்து 12.42-க்குப் படித்ததாக இருந்தால் போன் மேல் பழி போட முடியாது. உங்கள் விஷயத்தில் முதலாவதாகத்தான் இருக்கும்.

காரணம் பெரும்பாலும் பேட்டரி சேமிப்பு. ஆண்ட்ராய்டு போன்கள் சார்ஜ் மிச்சம் பிடிக்க, திரையில் இல்லாத ஆப்களை அடக்கிவைக்கும். பையனின் போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஷாவ்மி போனில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் பேட்டரி செட்டிங்ஸுக்குள் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் வாட்ஸ்அப் இருந்தால் நீக்கிவிடுங்கள். அதோடு 'பேக்கிரவுண்ட் டேட்டா'வும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேட்டா தீர்ந்துவிடும் என்று பிள்ளைகள் அதை அணைத்துவைப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 64 பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப். தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் போடுவேன். ஆறு மாதமாக எந்த மெசேஜுக்கும் இரண்டாவது டிக்கே விழவில்லை. ஆனால் பலர் பதில் போடுகிறார்கள். என் போனில் கோளாறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கோளாறு உங்கள் போனில் இல்லை, அந்த 64 பேரில் யாரோ ஒருவரிடம். குரூப்பில் எல்லோருக்கும் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக். எல்லோரும் படித்தால்தான் நீலம். வாட்ஸ்அப்பையே எடுத்துவிட்ட ஒருவர், பழைய நம்பரோடு குரூப்பில் அப்படியே கிடக்கும் ஒருவர் இருந்தால் போதும், மற்ற அனைவரும் படித்தாலும் உங்களுக்கு ஒற்றை டிக்தான். பழைய மெசேஜ் ஒன்றின் இன்ஃபோவைத் திறந்து, படித்தவர், பெற்றவர் இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயரைத் தேடுங்கள். ஒரு வாரத்துக்கு முந்தைய மெசேஜில் பார்ப்பது நல்லது. இன்று காலையில் போட்டதில் ஊருக்குப் போனவர்களும் சிக்குவார்கள். அந்த நம்பரை நீக்கினால் அடுத்த மெசேஜிலிருந்து டிக் ஒழுங்காக விழும்.

இதே நோட்டீஸை, ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கவனம். உங்கள் நம்பரைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும்.

கேள்வி: நீல டிக்கை அணைத்துவிட்டேன். அப்படியும் ஆபீஸ் குரூப்பில் நான் படித்தது மேனேஜருக்குத் தெரிகிறது. வாய்ஸ் மெசேஜ் கேட்டதையும் கண்டுபிடித்துக் கேட்கிறார். எப்படி?
– வாசகி, சென்னை

பதில்: நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. வந்ததும் எழுந்த முணுமுணுப்பைப் பார்த்து, அணைத்துவைக்கும் வசதியையும் சீக்கிரமே கொடுத்தார்கள். செட்டிங்ஸ், பிரைவசி, 'ரீட் ரிசீப்ட்ஸ்' என்ற அந்தச் சுவிட்ச் இருவருக்கு இடையிலான உரையாடலுக்கு மட்டும்தான். குரூப்பில் அது செல்லாது. நீங்கள் படித்தது இன்ஃபோவில் நேரத்தோடு பதிவாகும். வாய்ஸ் மெசேஜுக்கும் அப்படியே. நீங்கள் ஓடவிட்டதும் அனுப்பியவர் திரையில் சாம்பல் மைக் நீல மைக்காக மாறும். அதை அணைக்க வழி கிடையாது.

சுவிட்சை அணைத்ததற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் உண்டு. மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது, உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் தெரியாது.

ஏர்பிளேன் மோடில் போட்டுப் படித்தால் தெரியாது என்பார்கள். நெட் திரும்பியதும் நீல டிக் விழுந்துவிடும். கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். நோட்டிஃபிகேஷனைக் கீழே இழுத்து அங்கேயே படித்துவிட்டு உரையாடலைத் திறக்காமல் விட்டால் நீலம் விழாது. இது ஒன்றுதான் உருப்படியான வழி. நீளமான மெசேஜ் என்றால் முழுதும் தெரியாது என்பது வேறு விஷயம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவுக்கு நீல டிக் விழுந்தால் போட்டோவைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆட்டோ டவுன்லோடை அணைத்து வைத்திருப்பவர் உரையாடலைத் திறந்தாலே நீலம் வந்துவிடும். அவர் கண்ணுக்கு மங்கலான கட்டம்தான் தெரிந்திருக்கும். மேஜை மேல் உரையாடல் திறந்தபடி கிடக்கும் போனும் நீல டிக் அனுப்பும். எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: நண்பன் என்னை பிளாக் செய்துவிட்டானா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? மூன்று வாரமாக ஒற்றை டிக்.
– வாசகர், மதுரை

பதில்: உறுதியாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே வாட்ஸ்அப் இதைப் பூடகமாக வைத்திருக்கிறது. பிளாக் செய்திருந்தால் லாஸ்ட் சீன் (கடைசியாக வந்த நேரம்), ஆன்லைன் தெரியாது. புரொஃபைல் படம் மாறாது. மெசேஜ் ஒற்றை டிக்கில் நிற்கும். வாட்ஸ்அப் கால் போகாது. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். லாஸ்ட் சீனை யார் வேண்டுமானாலும் மறைக்கலாம். 2022 முதல் ஆன்லைனில் இருப்பதையும் மறைக்க முடிகிறது.

இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால் ஒரு துப்பு கிடைக்கும். பிளாக் செய்தாலும் குரூப் மெசேஜ் ஒருவருக்கொருவர் போகும். குரூப்பில் நீங்கள் போட்டது அவருக்கு இன்று சேர்ந்திருக்கிறது என்று இன்ஃபோ சொல்லி, தனியாக அனுப்பியது மட்டும் ஒற்றை டிக்கில் நின்றால், பிளாக் என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்த மெசேஜ்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிளாக்கில் இருந்தபோது அனுப்பியவை, நாளைக்கு பிளாக்கை எடுத்தாலும் போய்ச் சேராது. பிளாக் இல்லை, போன்தான் அணைந்து கிடக்கிறது என்றால் சர்வர் 30 நாள் வரை வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். மூன்று வாரம் என்கிறீர்கள். இன்னும் சில நாள்தான்.

கேள்வி: கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கோர்ட்டில் இது ஆதாரமாகுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் பணம் கேட்டதற்கு ஓரளவு ஆதாரம். அவர் கடனை ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமில்லை.

பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-ல் எஸ்பிஐ கார்டு வழக்கு ஒன்றில், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிய நோட்டீஸ் சேர்ந்ததோடு திறந்தும் பார்க்கப்பட்டது என்று டிக்கை வைத்து ஏற்றுக்கொண்டது. பிடிஎஃப்பைத் திறந்தாரா என்பது உண்மையில் டிக்குக்குத் தெரியாது. உரையாடலைத் திறந்தது மட்டும்தான் தெரியும். 2020-ல் கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றமும் சம்மன், நோட்டீஸ்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப அனுமதித்தது. ஆனால் போலீஸ் ஒருவரை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் கொடுத்தால் செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, டிக்கை நீதிமன்றம் ஏற்பது இடத்துக்கு இடம் மாறும்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த மெசேஜின் இன்ஃபோ திரையை, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' செய்தால் வார்த்தையும் அனுப்பிய நேரமும் வரும், டிக் வராது. இது பலருக்குத் தெரிவதில்லை. உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதை எடுத்து வையுங்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு. வக்கீலிடம் இதைக் கேட்டுப் பெறுங்கள். கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போடக் கெடு பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். நீல டிக் அந்தக் கெடுவை ஒரு நாளும் நீட்டாது. "அடுத்த மாசம் தர்றேன்" என்று கடனாளி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நீளும்.

கேள்வி: அப்பாவிடம் பட்டன் போன். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறேன். 'டெலிவர்டு' என்று வருகிறது. அவரோ கட்டம் கட்டமாக இருக்கிறது என்கிறார்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: டெலிவரி ரிப்போர்ட் சொல்வது, போன் வாங்கிக்கொண்டது என்பதை மட்டும். அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம்தான் தெரியும். ரிப்போர்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. எஸ்எம்எஸ்ஸில் 'படித்தார்' என்ற அறிவிப்பே கிடையாது. அவருக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புங்கள்.

அதில் காசும் மிச்சம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 மட்டுமே, அதிலும் புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனி இடம். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. 70-ஐத் தாண்டினால் 67, 67-ஆகத் துண்டு போட்டு அனுப்பும். ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ். டெலிவரி ரிப்போர்ட்டே வராமல் போனால் அப்பாவின் இன்பாக்ஸ் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். பழையவற்றை அழித்ததும், தேங்கியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

கேள்வி: டெலிகிராமில் நான் அனுப்பியது ஒற்றை டிக்கோடு இருக்கும்போதே, அதைப் படித்துவிட்டவர்போல் நேரில் பேசுகிறார் தோழி. வாட்ஸ்அப் டிக்கும் இதுவும் ஒன்றில்லையா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இல்லை. டெலிகிராமில் 'போனில் சேர்ந்தது' என்ற நடு நிலையே கிடையாது. ஒரு டிக் என்றால் அவர்கள் சர்வருக்குப் போய்விட்டது. இரண்டு டிக் என்றால் உரையாடலைத் திறந்துவிட்டார். உங்கள் தோழி நோட்டிஃபிகேஷனிலேயே படித்திருப்பார். குரூப்பிலும் நேர்மாறு: வாட்ஸ்அப்பில் எல்லோரும் படித்தால்தான் நிறம் மாறும், டெலிகிராமில் ஒரே ஒருவர் படித்தாலே இரண்டு டிக். சிக்னல் என்ற ஆப்பில் வட்டத்துக்குள் டிக் இருக்கும். இரண்டு வட்டமும் உள்ளே நிறம் நிரம்பியிருந்தால் படித்தாயிற்று, வெறும் வளையமாக இருந்தால் போனில் சேர்ந்ததோடு சரி.