சிம் கம்பெனீஸ்: துணி விற்றும் பணம் ஏன் குறைகிறது?

சிம் கம்பெனீஸ் என்ற இணைய வணிக விளையாட்டில் துணி விற்றும் கையிருப்பு குறைகிறதே என்று கணக்கோடு கேட்டிருந்தீர்கள். நீங்கள் துணியை விற்கும் விலையில் கோளாறு இல்லைங்க, உங்கள் கணக்கில்தான் சில செலவுகள் விடுபட்டிருக்கின்றன. பருத்தி விலையையும் கூலியையும் மட்டும் கழித்திருக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்சில், அதாவது விளையாட்டின் பொதுச் சந்தையில் விற்றால் கட்டணம் பிடிப்பார்கள், சரக்கை அனுப்பத் தேவையான போக்குவரத்து யூனிட்டும் செலவாகும். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் இப்படித்தான், கமிஷனும் வண்டி வாடகையும் போய்த்தானே மிச்சம் கைக்கு வரும்.

இன்னொன்று, அனேகமாக இதுதான் பெரிய ஓட்டை: நிர்வாகச் செலவு. கட்டடங்களின் லெவல் கூடக்கூட அந்தச் சதவீதமும் ஏறி எல்லா ஆலைக் கூலியோடும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் அவசரப்பட்டுக் கட்டடங்களைப் பெருக்கிவிட்டீர்கள் போல.

துணியில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்த ஆட்டக்காரருக்கு ஒப்பந்தத்தில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்க, அதில் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் கிடையாது. விலையைக் கொஞ்சம் அடித்துத்தான் கேட்பார்கள், சரி பரவாயில்லை.

நல்ல சிஓஓ (தலைமை இயக்க அதிகாரி) ஒருவரைப் போட்டால் நிர்வாகச் செலவு இறங்கும், ஆனால் அவர் சம்பளத்தையும் எழுதிப் பார்த்துவிட்டுப் போடுங்க.