மருந்து எடுக்காமல் தசை வளர்ப்பவர் எப்போது செட்களைக் கூட்டலாம்?

திருகோணமலைத் தம்பி ஒருவரின் கேள்வி: தசை வளர்க்கும் ஊசி, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை, நான்கு மாதமாகப் பெஞ்ச் பிரஸ் (பலகையில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) 60 கிலோவிலேயே நிற்கிறது. பயிற்சிகளைக் கூட்டலாமா, மாற்றலாமா?

முதலில் கொப்பியில் எழுதுங்கள், தம்பி. நெஞ்சுக்கு வாரம் எத்தனை கடினமான செட்? செட் என்றால், ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று. கடினமானது என்றால், இன்னும் இரண்டு மூன்று தடவைதான் தூக்க முடியும் என்ற கட்டத்தில் நிறுத்துவது. பெரும்பாலானோருக்கு ஒரு தசைக்கு வாரம் 10 முதல் 20 செட் போதும். உங்கள் கணக்கு எட்டுத்தான், உறக்கமும் சாப்பாடும் சரி என்றால், இரண்டு செட் கூட்டி நான்கு வாரம் பொறுங்கள். இருபதைத் தாண்டிவிட்டது, தோள்மூட்டும் வலிக்கிறது என்றால் கூட்டவே வேண்டாம். ஒரு வாரம் செட்களைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மருந்து எடுப்பவரின் அட்டவணையைப் பார்த்துச் செய்வது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அவர் உடல் தேறும் வேகம் வேறு.

வாராவாரம் பயிற்சியை மாற்றாதீர்கள். புதிய பயிற்சியில் முதலில் ஏறும் எடையில் பெரும்பகுதி நரம்புகள் பழகுவதால் வருவது. உப்புவெளியில் என்னோடு பயிற்சி செய்த ஒருவரின் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் வேறு பயிற்சி. எதையும் எதனோடும் ஒப்பிட முடியவில்லை. முக்கியமான பயிற்சியை ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருங்கள். பிறகும் நகராவிட்டால் அதை மட்டும் மாற்றுங்கள்: சாய்வுப் பலகையில் டம்பெல் நல்ல தேர்வு.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே எடை கூடுதலாகக் கனப்பதுபோல் தோன்றும். அதைத் தேக்கம் என்று எண்ணாமல், விடியற்காலைக்கு மாறிப் பாருங்கள்.