பத்தரை மணிச் சாப்பாடு

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம், 8 வாரம். ராயபுரத்தில் கூட்டுக் குடும்பம். விடிந்ததும் குமட்டல், வாந்தி. மதியக் குழம்புக்கு மாமனார் காசிமேட்டில் வாங்கி வரும் மீனைக் கழுவ உட்கார்ந்தால் இன்னும் மோசம். வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடித்தும் நிற்கவில்லை. கணவரும் கொழுந்தனும் சாப்பிட்டுக் கிளம்பி, நான் சாப்பிடப் பத்தரை ஆகும், அது பழக்கம்தான். மசக்கைக்கு மாத்திரை இல்லாமல் என்ன சாப்பிடலாம்?
- வாசகி, சென்னை-13

பதில்: ‘அது பழக்கம்தான்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பிட்டாய் என்றே வைத்துக்கொள். பத்தரை வரை பதின்மூன்றரை மணி நேரப் பட்டினி! வயிறு காலியாகக் கிடந்தால் குமட்டல் கூடத்தான் செய்யும். அதன்மேல் இஞ்சிச் சாற்றை ஊற்றினால் எரிச்சல்தான் மிச்சம். நீ கேட்கிற மருந்து சட்டியில் இருக்கிறது, உனக்குப் போடத்தான் ஆளில்லை.

கண் விழித்ததும் எழுந்திருக்காதே. தலைமாட்டு டப்பாவிலிருந்து டீக்கடைப் பொறை ஒன்று, இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி பொரி, படுத்தபடியே மெதுவாக மென்று தின்னு. கால் மணி கழித்து எழுந்திரு. முதல் ஈட்டு இட்லி உனக்கு. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக: நீராகாரம், மாதுளை, தயிர் சோற்றோடு நார்த்தங்காய் ஒரு துண்டு, எது வாய்க்குப் பிடிக்கிறதோ அது. தண்ணீரைச் சாப்பாட்டோடு மடமடவென்று குடிக்காமல் இடையிடையே குடி. இஞ்சி, ஏதாவது சாப்பிட்ட பிறகு, சுண்டுவிரல் நகமளவு தட்டிப் போட்ட டீயாக இருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு 16 வாரத்துக்குள் தணிந்துவிடும்.

மீன் கழுவுவதை அதுவரை மாமியார் பார்க்கட்டும். அவரும் பிள்ளை பெற்றவர்தானே? ஏழாம் மாதம் ஊரைக் கூட்டி வளையல் அடுக்கப்போகிற வீட்டில், இரண்டாம் மாதம் உனக்கு ஒரு இட்லியை முதலில் வைக்கத் தெரியவில்லை என்றால் அந்த வளைகாப்பு யாருக்கு? உன்மேலும் எனக்குக் கோபம்தான். கடைசியில் சாப்பிடுவதைப் பெருமையாக நினைக்கிறாய். வயிற்றில் இருப்பது உன் பந்திக்காகக் காத்திருக்காது.

மாத்திரை வேண்டாம் என்கிறாயே, ஃபோலிக் ஆசிட் அந்தக் கணக்கில் சேராது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நேரம் இது. காலையில் குமட்டினால் ராத்திரி சாப்பிட்டதும் போடு. குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, அடர் மஞ்சளாகப் போனாலோ, தலை சுற்றினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதே. உங்கள் ராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, அன்றைக்கே போ.

தினமும் ராத்திரி அந்தப் பொறை டப்பாவை நிரப்பி உன் தலைமாட்டில் வைப்பது உன் கணவர் வேலை. ஏன் என்று கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடு.