பார்சலில் வருவதும் கீழமாசி வீதியில் கிடைப்பதும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் மதுரை திருநகரில் இருக்கிறேன். கணவருக்கு சுகர் எல்லையில் நிற்கிறது, சாப்பாட்டை மாற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு முகமெல்லாம் பரு. போனில் பார்த்துப் பார்த்து சியா விதை, கினோவா, ஆப்பிள் சைடர் வினிகர், மல்டிகிரெய்ன் சத்துமாவு, மூலிகை ஃபேஸ் பேக் என்று மாதம் நாலாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் பார்சல் வருகிறது. மாமியாரோ, "இதெல்லாம் எதுக்கு? நலங்கு மாவும் கம்பும் கேப்பையும் போதாதா?" என்கிறார். எதை நிறுத்தலாம், எதை வாங்கலாம்? நீங்கள் வீட்டில் அன்றாடம் பயன்படுத்துவது எவை? மகள் தோழி கொடுத்த ஒரு க்ரீமையும் பூசுகிறாள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. பூசாமல் விட்டால் மட்டும் சிவந்து எரிகிறதாம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசி இரண்டு வரியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கினோவாவும் சியாவும் ஒரு வாரம் காத்திருக்கலாம். அந்த க்ரீம் காத்திருக்கக் கூடாது.

சில நாளிலேயே முகத்தை வெளுக்க வைத்து, நிறுத்தினால் சிவந்து எரிய வைக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இவை தோல் நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் மருந்துகள். நிறத்துக்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கூடும், மோவாயில் முடி முளைப்பதும் உண்டு. பெயரோ, தயாரித்தவர் முகவரியோ இல்லாத டப்பாவாக இருந்தால் பாதரசம் கலந்திருக்கலாம் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது 2023-ல் வெளியே வந்தது.

மகளைத் திட்டாதீர்கள். டியூபை ஒளித்தும் வைக்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடலாம். அந்த க்ரீமைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தனியாரிடம் போக வசதிப்படவில்லை என்றால் நம் பெரியாஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மகள் முகத்தில் எலுமிச்சை, மஞ்சள், பேக், நலங்கு மாவு எதுவும் படக் கூடாது, மாமியார் சொன்னாலும் சரி.

எலுமிச்சையைக் குறிப்பாகச் சொல்கிறேன். சாறு கடும் அமிலம், பருவின் மேல் பட்டால் புண்ணாகும். சாறு பட்ட தோலோடு மதுரை வெயிலில் நடந்தால் தீப்பட்டதுபோல் கன்றி, கறுப்புத் தழும்பாகி, மாதக்கணக்கில் நிற்கும். "இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்று எத்தனை பெண்கள் இந்தப் பாடு படுகிறார்கள்! வயிறு எரிகிறது எனக்கு.

இனி சாப்பாடு. கினோவா தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் விளைவது. நல்ல தானியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் குதிரைவாலி விளைகிறது. வானம் பார்த்த பூமியில் கொஞ்சம் மழைக்கே விளைந்து கொடுக்கும் பயிர். என் வீட்டில் அரிசிக்குப் பதில் வாரத்தில் பாதி நாள் அதுதான். கடையில் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளீரென்று வெள்ளையாக இருந்தால் தவிடு முழுக்கத் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். மங்கலான பழுப்பாக இருக்க வேண்டும். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தீட்டாத குதிரைவாலி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதனால் மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் இரண்டு வாரத்துக்கு ஆகிற மாதிரி வாங்குங்கள்.

கம்பை ஒருபோதும் மாவாக வாங்காதீர்கள். அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கிவிடும். பாக்கெட் மாவில் தோசை வார்த்து, "கம்பு எங்களுக்கு ஒத்துக்கவில்லை" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதது கம்பு இல்லை, பழைய மாவு. தானியமாக வாங்கி, புடைத்து, கல் பார்த்து, அந்தந்த வாரத்துக்கு வீட்டு மிக்ஸியில் உடைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். சிறுதானியம் என்றாலே சுகர் ஏறாது என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அது சரியில்லை. கேப்பையை மாவாக்கி, கூழாகக் காய்ச்சி, ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். மாவும் கஞ்சியும் வயிற்றில் சட்டென்று கரைந்துவிடுகின்றன. அவருக்குக் குதிரைவாலியையோ கம்பையோ சோறாகப் பொங்கிப் போடுங்கள். சோறு ஒரு பங்கு என்றால் கீரை, அவரை, புடலை இரண்டு பங்கு. கூடவே ஒரு கிண்ணம் பயறு. கருப்பட்டியும் தேனும் அவருக்குச் சர்க்கரைதான், பெயர்தான் வேறு. மாலையில் பருத்திப்பால் வண்டியைக் கண்டால் அவர் கால் நிற்கும், எனக்குத் தெரியும். இனிப்பு குறைத்து, அரை டம்ளர், எப்போதாவது. அவ்வளவு கூட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேப்பை மகளுக்கும் மாமியாருக்கும். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தருகிற தானியம் வேறு நம்மிடம் இல்லை. முளைகட்டி, காயவைத்துத் திரித்தால் அதிலுள்ள இரும்புச்சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

மல்டிகிரெய்ன் சத்துமாவு பாக்கெட்டை இப்போதே எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். எது அதிக எடையோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் கோதுமை மாவும் சர்க்கரையும் மால்ட்டும் இருந்தால் மீதி இருபது தானியமும் பெயருக்குத்தான். 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய அரசே சொன்னது: இப்படிப்பட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் விற்காதீர்கள் என்று. அந்தப் பார்சலை முதலில் நிறுத்துங்கள்.

சியா கெடுதல் இல்லை. கையில் இருப்பதைத் தீர்த்துவிடுங்கள். பிறகு ஆளி விதையும் கறுப்பு எள்ளும் வாங்கி, வறுத்து, இட்லிப் பொடியோடு திரித்து வையுங்கள். ஆளி விதையை முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், பொடித்தால்தான் பலன். வினிகரைத் தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமல் தேயும். அதற்குக் கொடுக்கும் காசில் தினமும் ஒரு நெல்லிக்காயும் இரண்டு கட்டு முருங்கைக்கீரையும் வாங்கலாம். முருங்கைப் பொடி என்று பாட்டிலில் விற்பதை நான் வாங்குவதே இல்லை. தெருவுக்கு ஒரு முருங்கை மரம் நிற்கிற ஊரில் எதற்கு? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் திறக்கப்பட்டது நம் அண்ணா நகரில்தான். காலையில் வெயில் ஏறுமுன் உங்கள் பக்கத்துச் சந்தைக்குப் போனால் ஈரம் காயாத கீரை கிடைக்கும். விலைப் பலகையும் எதிரிலேயே இருக்கும்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஆட்ட ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு வேண்டும். கடையில் பருப்பு விலையைக் கேட்டு இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் அதைவிட மிகக் குறைவாக 'மரச்செக்கு' என்று எவர் கொடுத்தாலும் அது வெறும் செக்கெண்ணெய் இல்லை. நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அந்த மணம் மூக்குக்குத் தெரியும். முடிந்தால் செக்கடியில் நின்று ஆட்டி வாங்குங்கள். ஒன்று மட்டும். செக்கெண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்றலாம் என்று இல்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர், எந்த எண்ணெயானாலும்.

மஞ்சள் தூளாக வேண்டாம். கீழமாசி வீதியில் விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் கொடுத்து, கூடவே நின்று திரித்து வாருங்கள். வெல்லம் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் தொடாதீர்கள், வெளுக்க மருந்து போட்டிருப்பார்கள். கறுத்ததுதான் நல்லது.

உடம்புக்கு என்ன பூசுகிறேன் என்று கேட்டீர்கள். குளித்து, ஈரம் முழுக்கத் துவட்டாமல், கை கால்களில் சில துளி தேங்காயெண்ணெய். அவ்வளவுதான். வறண்ட தோலுக்கு அதைவிட நல்லது எனக்கு அகப்படவில்லை. உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாகக் கழுவிப் போகாமல் தோலில் தங்கி வறட்டும். கடைசி இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டாலே வித்தியாசம் தெரியும். ஆனால் பரு உள்ள முகத்தில் தேங்காயெண்ணெய் கூடாது, துவாரம் அடைக்கும். மகளுக்கு வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், டாக்டர் சொல்லும் மருந்து, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் பாட்டி வைத்தியத்தில் கிடையாது. கேரட் எண்ணெயும் சந்தனமும் அந்த வேலையைச் செய்யாது. பார்சலில் வரவேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அதுதான்.

கற்றாழையை ஒடித்ததும் அப்படியே தேய்க்காதீர்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்க நிறுத்தி, வடிகிற மஞ்சள் பாலை ஒழுகவிட்டு, கழுவி, நடுச் சோற்றை மட்டும் எடுங்கள். அரிப்பு தருவது அந்தப் பால்தான்.

உங்கள் மாமியார் சொல்லும் நலங்கு மாவு உடம்புக்கு அருமையான பொருள், அவரைக் கொண்டே தயார் செய்யுங்கள். பச்சைப்பயறு அரைக் கிலோ, கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் ஐம்பது ஐம்பது கிராம், ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ், வெட்டிவேர் ஒவ்வொரு கைப்பிடி. நாட்டு மருந்துக் கடையில் பட்டியலை நீட்டினால் கார்போக அரிசியையும் வழக்கமாகச் சேர்த்துப் பொட்டலம் போடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும், பூசிவிட்டு வெளியே போனால் கறுக்கும், சிலருக்குக் கொப்பளிக்கும். வைத்தியர் வெண்புள்ளிக்குக் கணக்குப் பார்த்துத் தருவது வேறு, நாம் தினம் தேய்த்துக் குளிப்பது வேறு. வெட்டிவேரைக் கத்தரியால் பொடியாக நறுக்கிச் சேருங்கள், இல்லாவிட்டால் மில்லில் சுற்றிக்கொள்ளும் என்று திருப்பித் தந்துவிடுவார்கள். நிழலில் காயவைத்து, திரித்து, சூடு ஆறியபின் சலித்துப் பாட்டிலில் போடுங்கள். ஈரக் கை உள்ளே போகாமல் ஒரு சின்னக் கரண்டி கூடவே இருக்கட்டும்.